உப்பு ஒத்தடத்தின் சூட்டை யார் பார்ப்பது

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு நிவேதாவிடமிருந்து தொலைபேசி வந்தது. முப்பத்தோரு ஆண்டுகள் நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில், நான் ஓய்வு பெற்ற பிறகு வந்து சேர்ந்த பெண்.

"சார், ஒரு அம்மா முழங்கால்ல எருக்கிலையைக் கட்டிக்கிட்டு வந்திருக்காங்க. செல்லுல வீடியோ பார்த்தாங்களாம். திட்டட்டுமா, விட்டுடட்டுமா?"

"பால் பட்டுத் தோல் சிவந்திருக்கா?"

"இல்ல சார். வாட்டித்தான் கட்டியிருக்காங்க."

"அப்போ திட்டாதே. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும்னு மட்டும் சொல்லு. ரெண்டு முழங்காலையும் புறங்கையால தொட்டுப் பாரு. அப்புறம், அவங்க வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேளு."

"மூட்டு வலிக்கு வீட்டுல யார் இருந்தா என்ன சார்?"

அவளுக்கு வரிசையில் ஆள் நின்றது. பதிலை எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தபோது அது நீண்டுவிட்டது. பிரிவில் உள்ள மற்றவர்களும் படிக்கலாம் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

தேதி போடாமல் எதையும் எழுத எனக்கு வராது. பனமரத்துப்பட்டி ஏரிக்கு எந்த ஆண்டு எந்த வாரத்தில் தண்ணீர் வந்தது என்பதைக்கூட குறித்து வைத்திருப்பவன் நான். கல்வெட்டுப் புத்தகங்களையும் பழைய பயணக் குறிப்புகளையும் படித்துப் படித்து வந்த பழக்கம். படிப்பு முடித்து, இரண்டு ஊர்களில் தற்காலிகப் பணி பார்த்து, இங்கே நிரந்தரமாக வந்தபோது அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் ஸ்டெல்லா மேடம். பிரிவின் தலைமை அவர்தான். சேலம் டவுனிலிருந்து தினமும் பேருந்தில் வருவார். ஞாயிறு பூசைக்கு எப்படி நேரம் தவறமாட்டாரோ, அப்படித்தான் எட்டு மணிக்குப் பிரிவின் கதவும் திறக்கும்.

அவர் வேலை செய்யும் முறையைச் சொல்லியாக வேண்டும். மேசை மேல் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும். ஒவ்வொருவரையும் தொடுவதற்கு முன் அதில் கையை நனைத்துத் துடைத்துக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் தசை இறுகிவிடும் என்பார். பிறகு இரண்டு முழங்கால்களின் மேலும் இரண்டு புறங்கைகளை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒன்று மற்றதைவிடச் சூடாக இருந்தால், வீங்கிச் சிவந்திருந்தால், அதற்கு ஒத்தடம் கிடையாது, மருத்துவரிடம் அனுப்புவார். காலையில் எழுந்ததும் கைவிரல்களை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று யாராவது சொன்னாலும் அப்படியே. "இது தேய்மானம் இல்ல, இதை இலையும் எண்ணெயும் ஆற்றாது. தள்ளிப்போட்டா விரல் கோணிடும்" என்பது அவர் வாக்கு.

அதன் பிறகுதான் அவருடைய கேள்வி வரும். "வீட்டுல இதுவரைக்கும் என்ன பண்ணுனீங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரியில் சொன்னால் திட்டுவார்கள் என்று எல்லோரும் முதலில் "ஒண்ணும் பண்ணலீங்க" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும். நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், விளக்கெண்ணெய் தடவி வாட்டிய ஆமணக்கிலை, முடக்கத்தான் தோசை, இலுப்பை எண்ணெய், கல் உப்பு ஒத்தடம். ஒருமுறை லாரிப் பட்டறைக்காரர் ஒருவர் முழங்காலுக்குக் கிரீஸ் தேய்த்துக்கொண்டு வந்தார்.

"ஆக்சிலுக்குப் போட்டா சத்தம் நிக்குதில்லைங்க. அதே ரோசனைதானுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடம் முகம் மாறாமல் கேட்டார்: "எத்தனை நாளாப் போடறீங்க? குறைஞ்சுதா?"

"வலி கொறையலீங்க. சத்தங் கொறஞ்சாப்புல இருக்குதுங்க."

"எழுதிக்க தம்பி," என்றார் என்னிடம். எழுதிக்கொண்டேன்.

என் குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள். தேதி, வீட்டில் செய்தது, முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது. பல ஆண்டுகள் எழுதிய பின் எனக்குப் பிடிபட்டது இதுதான். இலையும் எண்ணெயும் உப்பும் வலியைச் சில மணி நேரம் தணிக்கின்றன. ஆனால் அவற்றால் மட்டும் நான்காவது கட்டத்து எண் ஏறுவதில்லை. தொடைத் தசை வலுத்தால்தான் அது ஏறுகிறது. அதே சமயம், வலி தணிந்த அந்த நேரம் கிடைக்காவிட்டால் பயிற்சியைச் செய்ய யாரும் முன்வருவதில்லை. ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்பவர் அன்றைக்குத் தப்பிக்கிறார். ஒத்தடம் கொடுத்துவிட்டுக் காலை நீட்டி மடக்குபவர் அடுத்த மாதம் நடக்கிறார்.

இவ்வளவு தெரிந்த பிறகுதான், பணிக்கு வந்த பன்னிரண்டாம் ஆண்டில், பெரிய தவறு ஒன்றைச் செய்தேன்.

பங்குனி மூன்றாம் செவ்வாயன்று பழனியம்மாள் வந்தார். ஐம்பத்து நான்கு வயது. வெண்ணந்தூர்ப் பக்கத்துக்காரர். ஜவ்வரிசி ஆலையின் உலர்களத்தில் வேலை. இரண்டு முழங்கால்களும் தேய்ந்திருந்தன, வீக்கமில்லை, சூடில்லை. மடங்கியது தொண்ணூறு பாகை. கையை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை. நான்காவது கட்டத்தில் சுழியம் போட்டேன்.

"எனக்கு நடக்கோணும்னுகூட இல்லீங் சாமி," என்றார். "இவிங்களத் தூக்கோணும்."

'இவிங்க' அவருடைய கணவர் அர்த்தநாரி. இருபது வருடம் ரிக் வண்டியில் வட மாநிலங்கள் முழுக்க ஆழ்துளைக் கிணறு போட்டவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, திரும்பவும் கட்டிலுக்கு என்று எல்லாம் பழனியம்மாள்தான். முந்தின வாரம் தூக்கும்போது முழங்கால் மடங்கி இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து நிலத்துக்காரர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறார்கள். செய்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகன் செந்திலுக்குப் போயிற்று. அவனுடையது ஒற்றை அறை வீடு. ஆடிப் பதினெட்டுக்கு வரும்போது அப்பாவை அழைத்துப்போய் அங்கே ஒரு இல்லத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டான்.

"பையன் கெட்டவனில்லீங். அவனுக்கு வேற வழி தெரியல. ஆடிப் பதினெட்டுக்குள்ள நாந் தூக்கிக் காட்டீட்டன்னா உட்டுருவான்."

நான் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஆடி 18' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அடுத்த வாரம் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தேன். முழங்காலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்துவது. காலை நேராகத் தூக்கி நிறுத்துவது. அதற்கு முன் கல் உப்பு ஒத்தடம். இரும்புச் சட்டியில் உப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, பதினைந்து நிமிடம். எவ்வளவு சூடு என்று அவர் கேட்டார். நூறு பேருக்குச் சொன்னதையே சொன்னேன்.

"தாங்குற அளவு சூடு இருந்தா போதும்மா."

சித்திரை இரண்டாம் செவ்வாயன்று வந்தார். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். இரண்டு முழங்கால்களிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். வலது பக்கத்தில் உடைந்து சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"ஏம்மா, இப்படி வெந்து போற வரைக்கும் வெச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"நீங்கதானுங்க சொன்னீங்க. தாங்குச்சுங்க, வெச்சேன்."

ஸ்டெல்லா மேடம் என்னைத் திட்டவில்லை. புண்ணை மருத்துவரிடம் காட்டவைத்தார். சர்க்கரை பார்க்கச் சொன்னார்; அதிகமாக இருந்தது. உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தோம். பாதி இடங்களில் தெரியவில்லை. எல்லாம் முடிந்து பழனியம்மாள் போன பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ அந்தம்மாகிட்டச் சொன்னதை அப்படியே ஒருதடவை எங்கிட்டச் சொல்லு."

சொன்னேன்.

"யார் தாங்குற அளவு?"

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன்; நான்கு கட்டங்களில் எதிலும் அது இல்லை.

"நாளைக்கு அரை நாள் லீவு போட்டுக்க. அவங்க வேலை செய்யற இடத்தைப் பார்த்துட்டு வா. மத்தியானம் போ."

மறுநாள், புதன்கிழமை, பன்னிரண்டரைக்கு அந்த ஆலைக்குப் போனேன். பள்ளிக்கூட மைதானம் போல் பரந்த சிமெண்டுத் தளம். அதன் மேல் வெள்ளையாக ஜவ்வரிசி விரித்திருந்தது. ஏழெட்டுப் பெண்கள் மரப்பலகையால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் கட்டுடன் பழனியம்மாளும் ஓரமாக நின்று சாக்கு மடித்துக்கொண்டிருந்தார். நான் செருப்போடு களத்தில் கால் வைத்தேன்.

"ஏனுங், செருப்ப உட்டுட்டு வாங்க! திங்கற பண்டமுங்!" என்று ஒரு பெண் கத்தினார்.

கழற்றிவிட்டு நடந்தேன். மூன்றடிதான். நான்காவது அடியில் துள்ளி, ஐந்தாவதில் ஓடி, கூரை நிழலில் போய் விழுந்தேன்.

"பாருங்கடி, ஆஸ்பத்திரி டாக்டரு கரகம் ஆடறாரு!"

"மேளம் இல்லாமயே ஆடறாரு புள்ள!"

களமே சிரித்தது. பழனியம்மாள் சிரிக்காமல் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார்.

"இன்னிக்கு மேகம் போட்டிருக்குதுங் சாமி. நேத்து வந்திருந்தா என்ன ஆயிருப்பீங்களோ."

இருபத்தெட்டு வருடம் அந்தச் சூட்டில் வெறுங்காலோடு நிற்பவரிடம் 'தாங்குற அளவு' என்று நான் அளவு சொல்லியிருக்கிறேன். அவர் தாங்கக்கூடியது என் தோல் அறியாத ஒன்று. அதற்கு மேல் சர்க்கரை வேறு உணர்ச்சியைத் தின்றிருந்தது. தாங்குவதுதான் அங்கே ஒருவருக்குப் பெருமை. என் சொல்லை அவர் நூற்றுக்கு நூறு கடைப்பிடித்ததால்தான் வெந்தார்.

புண் ஆறும்வரை மூன்று வாரம் ஒத்தடமும் இல்லை, களத்து வேலையும் இல்லை. ஆடிப் பதினெட்டு மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அர்த்தநாரி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"டாக்டர் வந்திருக்கறாருங், திரும்புங்," என்றார் பழனியம்மாள்.

"டாக்டரா, உன்ற காலச் சுட்டவரா?"

"சுட்டவன் நான்தாங்க," என்றேன். "டாக்டர் இல்லை. பயிற்சி சொல்லித் தர்றவன்."

மெதுவாகத் திரும்பினார். இடது கை துவண்டு கிடந்தது. வலது கை ரிக் பைப்புகளைத் தூக்கிய கை. இன்னும் திடமாக இருந்தது.

"என்ற பேரு அர்த்தநாரிங்க. எடது பக்கம் அம்மனுக்கு. பேருக்குத் தகுந்தாப்புல எடது பக்கத்த இவளுக்கு எழுதிக் குடுத்தாச்சு. அந்தப் பாதியச் சொமந்தே இவ காலு போச்சு. என்னையத் திருப்பூருக்கு அனுப்பி உட்டுருங்க. இவளாச்சும் எந்திரிச்சு நடக்கட்டும்."

"அனுப்பறாங்களாமா! பார்சல் கட்டி லாரில ஏத்தறதுக்கு நீங்க என்ன மூட்டையா?" என்றார் பழனியம்மாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பழனியம்மாள் உப்பை வறுத்து முடிந்து எடுத்துவந்தபோது, வாங்கித் தொட்டுப் பார்த்தேன். என்னால் பிடிக்க முடியவில்லை. "சூடே ஏறலீங்," என்றார் அவர். முதலில் என் மணிக்கட்டிலேயே வைத்துக் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் தினமும் வரப்போவதில்லை. கட்டிலைப் பார்த்தேன்.

"ஐயா, உங்க வலது கையைக் கொடுங்க."

மணிக்கட்டின் உட்புறத்தில் முடிச்சைப் பட்டும் படாமலும் வைத்தேன்.

"அய்யய்யோ! ஏ புள்ள, இதையா உன்ற கால்ல வெச்ச? கறி வேகுமே!"

"அப்போ நீங்கதான் சொல்லணும். இந்த இடத்துல வெச்சு, பதட்டப்படாம பத்து எண்ண முடிஞ்சா மட்டும்தான் அவங்க முழங்காலுக்குப் போகணும். அதுவும் நாலு மடிப்புத் துணிக்கு மேல. நடுநடுவுல எடுத்துத் தோலைப் பார்க்கணும், சிவந்தா நிறுத்தணும். அவங்க சொல்றதைக் கேட்காதீங்க. உங்க கைதான் கணக்கு."

அர்த்தநாரி முடிச்சை ஆற விடச் சொல்லி, திரும்ப வலது மணிக்கட்டில் வைக்கவைத்து, இந்தியில் எண்ணத் தொடங்கினார். "ஏக்... தோ... தீன்... சார்..."

"தமிழ்ல எண்ணுனா ஆகாதா?" என்றார் பழனியம்மாள்.

"சூடு பாக்கற ஆபீசரு எந்தப் பாசைல எண்ணுனா உனக்கென்ன? செத்தப் பொறு. ஏழுலயே சுடுது."

அந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு வேலை அவருக்கானதாயிற்று. சூடு பார்ப்பது மட்டுமல்ல, பயிற்சியை எண்ணுவதும் அவர்தான். மேடம் சொன்ன யோசனைப்படி, பழைய லாரி டியூபிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டிக் கொண்டுபோனேன். நாற்காலியில் உட்கார்ந்து, நாற்காலியின் கால் ஒன்றோடு சேர்த்துக் கணுக்காலில் அதை மாட்டி, முன்னால் இழுத்து நீட்ட வேண்டும். எழுந்து உட்காரும் பயிற்சிக்கு அவர்கள் வீட்டு மர நாற்காலியில் எட்டு வெறுஞ்சாக்குகளை மடித்துப் போட்டோம். உயரமான இருக்கையிலிருந்து எழுவது எளிது. வாரம் ஒரு சாக்கை உருவிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்தாவது சாக்கில் இரண்டு வாரம் நின்றுவிட்டது. மாத்திரையும் சாப்பாட்டு மாற்றமுமாகச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் ஆறுதல்.

"இவ ஏமாத்தறாளுங்க," என்று அர்த்தநாரி ஒரு ஞாயிறன்று முறையிட்டார். "பதினஞ்சு சொன்னா பன்னெண்டுல நிறுத்திப் போடறா. இந்தில எண்ணுனா தெரியாதுன்னு பாத்தா, பன்னெண்டு வரைக்குங் கத்துக்கிட்டா."

தூக்கும் முறையையும் மாற்றினோம். அதுவரை அவர் குனிந்து, கணவரின் கையைத் தன் கழுத்தில் போட்டு, முதுகால் இழுத்துக்கொண்டிருந்தார். இப்போது நாற்காலியைக் கணவரின் வலப்பக்கம் சற்றுச் சாய்வாகப் போட வேண்டும். அவர் இடுப்பில் ஒரு துண்டை இறுகக் கட்டி அதைப் பிடிக்க வேண்டும். அவருடைய துவண்ட இடது முழங்காலுக்குத் தன் முழங்காலால் அணை கொடுக்க வேண்டும். அவர் வலது கை மனைவியின் முதுகில். முன்னால் சாய்ந்து, மூன்று எண்ணி, இருவரும் சேர்ந்து எழ வேண்டும். எழுந்து, நின்று, திரும்பி, உட்கார வேண்டும். தூக்குவது என்பதைவிட இருவரும் எழுவது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

ஆடிப் பதினெட்டு எங்கள் பக்கம் விடுமுறை. குறிப்பேட்டில் அடிக்கோடிட்டிருந்ததால் காலை ஒன்பதரைக்கே போய்விட்டேன். வாசலில் செந்தில் ஒரு வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பின் இருக்கையில் தலையணை, விரிப்பு, அப்பாவின் மாத்திரைப் பை எல்லாம் அடுக்கி வைத்திருந்தான். சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பவன் என்பது அந்த அடுக்கிலேயே தெரிந்தது.

உள்ளே நாற்காலியில் ஒரு சாக்குகூட இல்லை.

"அம்மா, வேண்டாம்மா. நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்," என்றான்.

"நீ சித்த நேரம் அங்கயே நில்லு."

துண்டைக் கட்டினார். முழங்காலை அணை கொடுத்தார். அர்த்தநாரியின் வலது கை அவர் முதுகில் ஏறியது.

"ஏக், தோ, தீன்!"

இருவரும் எழுந்தார்கள். நடுவில் ஒரு நொடி பழனியம்மாளின் வலது முழங்கால் நடுங்கியது. செந்தில் ஓரடி முன்னால் வந்தான். நடுக்கம் நின்றது. திரும்பினார்கள். நாற்காலியில் அர்த்தநாரி உட்கார்ந்தார்.

பழனியம்மாள் மூச்சு வாங்கியபடி மகனைப் பார்த்தார். "கார்ல இருக்கற தலகாணிய எடுத்துட்டு வா. நல்ல தலகாணி, இங்கயே கெடக்கட்டும்."

செந்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தான். மதியம் வரை அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்படியில் உப்பை வறுத்த அம்மாவிடமிருந்து முடிச்சை வாங்கி, "நான் சூடு பார்க்கறேம்மா" என்று தன் கையில் வைத்துக்கொண்டான்.

"டேய்!" என்று நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. "பனியன் கம்பெனில இஸ்திரிப் பொட்டி புடிச்ச கை உன்ற கை. அதுக்குச் சூடு தெரியாது. இங்க கொண்டா. என்ற வேலைல கை வெக்காத."

அன்று எழுதிய வரி இன்னும் இருக்கிறது: 'மடக்கம் 112. எழுந்து உட்கார்தல் 9. ஒத்தடம் தினமும் ஒருமுறை, கணவர் கை பார்த்து.' பழனியம்மாளுக்கு வலி முழுவதும் போய்விடவில்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். களத்து வேலையை விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து சாக்குத் தைக்கும் வேலைக்கு மாறினார். அவர்கள் இருவரும் இன்றும் அதே வீட்டில் இருக்கிறார்கள். இந்த வைகாசியில் போய்ப் பார்த்தேன். இப்போது எனக்கே இடது முழங்காலில் வலி என்றதும், அர்த்தநாரி கையை நீட்டி, "உங்க முடிச்சையும் கொண்டாங்க" என்றார்.

நிவேதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த ஆடி முடிந்த மறுவாரம் ஸ்டெல்லா மேடம் என் குறிப்பேட்டை வாங்கி, ஸ்கேல் வைத்து ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டார். 'சூடு பார்ப்பவர்' என்று தலைப்பு எழுதினார். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்ட உடனே, அதைத் தொட்டுப் பார்ப்பது யார் என்றும் கேட்டோம். மகள், மருமகள், தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரர் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள் இருக்கின்றன. யாருமில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒத்தடத்தை வீட்டில் கொடுக்கவிடாமல் இங்கேயே வரச்சொன்னோம். அவர்களுக்கான ஐந்தாவது கட்டத்தில் முதலில் மேடம் பெயர் இருந்தது. அவர் ஓய்வு பெற்ற பிறகு என் பெயர்.

குறிப்பேடுகள் நீல பீரோவின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. எருக்கிலை அம்மாவின் வீட்டில் யாரும் இல்லையென்றால், புதுப் பக்கம் எடுத்து, தேதி போட்டு, ஐந்தாவது கட்டத்தில் உன் பெயரை எழுது.